ரொட்டி டின் கேள்விகள்

எனக்குச் சக்களத்திகள் மூன்று பேர். பதி, பசு, பாசம்.

என் வீட்டுக்காரர் சதாசிவம் மலாயாவில் ரெங்கத்தை அடுத்து, ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டமொன்றில் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். நாலரை மணிக்கு ஆபீசிலிருந்து வருவார், கால் கழுவுவார், ஒரு டம்ளர் காப்பி குடிப்பார், அப்புறம் இந்த மூன்று பேரோடும் உட்கார்ந்துவிடுவார். சைவ சமயத்தில் புழங்கும் சொற்களுக்கெல்லாம் விளக்கம் எழுதி ஒரு சின்ன அகராதி போடவேண்டும் என்பது அவர் ஆசை. பதி என்றால் கடவுள், பசு என்றால் உயிர், பாசம் என்றால் அந்த உயிரைக் கட்டியிருக்கும் கயிறு. இந்த மூன்றையும் மூன்று வருஷமாக எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். வீட்டில் ஒருத்தி நடமாடுகிறாளே என்று நிமிர்ந்து பார்த்ததில்லை.

நான் ஒன்றும் எழுத்தறியாதவள் இல்லை. மூவாரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அவர் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுகிறவர். அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டே பாதி அகராதி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் துணிந்து, "ஏங்க, உயிரு தானா எதையும் அறியாதுன்னு எழுதுறீங்களே, அப்ப பசி எப்படி அதுக்குத் தெரியுது?" என்று கேட்டேன்.

"ரசத்தைப் பாரு அன்னம், கொதிச்சிரப் போவுது" என்றார்.

ரசம் கொதித்தால் கெட்டுப்போகும் என்று எனக்கே பாடம் சொல்கிற மனிதர் அவர். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரெங்கம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சைவ ஞான சபை கூடும். பேசுகிறவர் இவர். தலைவர் உலகப்பன் செட்டியார், ஊர்ச் சாலையை ஒட்டிச் சடக்கோரத்தில் வட்டிக்கடை வைத்திருப்பவர். 1934-ஆம் வருஷம் சித்திரையில் செட்டியார் ஒரு ஏற்பாடு செய்தார். பெரிய ரொட்டி டின் ஒன்றின் மூடியில் நீளமாகத் துளை போட்டு, பூட்டு மாட்டி, கோயில் வாசலில் வைத்தார்.

"கேக்கக் கூச்சப்படுறவங்க சீட்டுல எழுதி இதுல போடுங்க. பேரு போடவேணாம். பால்மரம் வெட்டுறவரும் கேக்கலாம், பெரிய கிராணியும் கேக்கலாம்" என்றார்.

ஞாயிறு கூட்டம் முடிந்ததும் டின்னைத் திறந்து சீட்டுகளை அப்படியே இவர் கையில் கொடுத்துவிடுவார்கள். இவர் வீட்டுக்கு எடுத்து வந்து, படித்து யோசித்து, மறுவாரம் சபையில் வாசித்துப் பதில் சொல்லவேண்டும்.

முதல் இரண்டு வாரம் வந்த கேள்விகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். கனவில் பாம்பு வந்தால் என்ன பலன்? காணாமல்போன ஆட்டை எந்தத் திசையில் தேடுவது? மூன்றாம் வாரம் டின் காலி. இவர் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

நாலாம் வாரம் வந்தது அந்தச் சீட்டு. நீலக் கோடு போட்ட தாள். குண்டு குண்டாக, முத்துக் கோத்தது போல் எழுத்து. 'கடவுளுக்குப் பற்று இல்லை என்கிறீர்கள். அருள் என்பது உயிர்மேல் அவர் வைத்த பற்று இல்லையா?'

இவர் அதை மூன்று தடவை வாசித்தார். பிறகு சிரித்தார். வாய் திறக்காமல், கண் பாதி மூடி, உதட்டோரத்தில் மட்டும் வருகிற சிரிப்பு. எனக்கு வயிற்றில் தீ வைத்தது போல் இருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அந்தச் சிரிப்பு அவரிடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இந்தத் தோட்டக்காட்டுல இப்படி ஒரு மூளையா! கேட்டியா அன்னம்?"

"யாருங்க எழுதினது?"

"பேருதான் இல்லையே. யாரோ நல்லாப் படிச்சவங்க."

யார் என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நீலக் கோட்டுத் தாள் செட்டியார் கடையில் புழங்குவது. செட்டியார் தாளில் கைவைத்து எழுதக்கூடியது யார்? அவர் மனைவி நாகம்மை ஆச்சி. பெண்கள் பக்கம் முதல் வரிசையில், காதில் வைரத்தோடு மின்ன, இவர் பேசி முடிக்கும் வரை கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். போதாதா?

அப்புறம் வாரம் தவறாமல் குண்டெழுத்து வந்தது. திங்கட்கிழமைக் காலை பசியாறும்போது இவர் பக்கத்தில் தட்டு ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம். ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். சாப்பிட்டு முடித்து, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு நான் அழுத அழுகை அந்த ஆச்சிக்குத்தான் தெரியவேண்டும் என்று சாபம் விட்டுக்கொண்டே அழுதேன்.

அழுது என்ன ஆகும்? அவளைவிட நல்ல கேள்வி நான் கேட்கிறேன் என்று முடிவு பண்ணினேன். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். என் பேர் தெரியாமலாவது, என் சீட்டைப் பார்த்து ஒரு தடவை அவர் அப்படிச் சிரிக்கவேண்டும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

என் கையெழுத்து அவருக்குத் தெரியும். வாரா வாரம் நான் எழுதிக் கொடுக்கிற சாமான் சீட்டோடுதான் கடைக்குப் போவார். ஆகவே அரிசி மூட்டையில் எழுதுவார்களே, அந்தக் கட்டை எழுத்தில் எழுதினேன். 'பாசம் என்பது கயிறு என்றீர்கள். கட்டிப்போட்ட மாடு அந்தக் கயிற்றோடேயே பழகி, அவிழ்த்துவிட்டாலும் முளைக்குச்சியைச் சுற்றியே நின்றால், அவிழ்த்தது அருளா, கொடுமையா?' வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் போகும் சாக்கில் டின்னில் போட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் இவர் சீட்டுகளைப் பிரிக்கும்போது நான் வெங்காயம் உரிக்கிறவள் போல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். குண்டெழுத்தை முதலில் வாசித்தார், சிரித்தார். என்னுடையதை எடுத்தார். வாசித்தார். மறுபடி வாசித்தார். சிரிக்கவில்லை. முகம் சுருங்கியது.

"இதுல என்ன இருக்கு, மாட்டுக் கதை" என்று கீழே போட்டார்.

வெங்காயம் உரிக்கும்போது கண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை, அதுவரை நல்லது.

ஆனால் மறுவாரம் சபையில் 'இது குண்டெழுத்து, இது கட்டை எழுத்து' என்று பிரித்துச் சொல்லி அந்த மாட்டுக் கதையை அவர் வாசித்ததும் மண்டபமே அசைந்து கொடுத்தது. பால்மரம் வெட்டும் வீரமுத்து, எப்போதும் தூணில் சாய்ந்து தூங்குகிறவர், நிமிர்ந்து உட்கார்ந்து, "அலமாக், அடேயப்பா, நம்ம பொழப்பையே கேட்டுட்டான்லா!" என்றார். இவர் ஏதோ பதில் சொன்னார். பதில் யார் காதிலும் ஏறவில்லை. கேள்வியைத்தான் சடக்கு நெடுக பேசிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு நான் விடுவேனா? வாரம் ஒன்று போட்டேன். வினை, மாயை, முத்தி என்று அவர் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பதினோரு வருஷம் அடுப்படியில் சேர்த்து வைத்த கேள்விகள், பஞ்சமா அதற்கு? கூட்டம் தொடங்கும் முன்பே வீரமுத்து, "கிராணியாரே, இந்த வாரம் கட்டை எழுத்து வந்திருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்கும்போதெல்லாம் இவர் முகம் கறுக்கும். ஆச்சியின் குண்டெழுத்தை யாரும் கேட்கவில்லையே என்று இவருக்கு மனத்தாங்கல், அவளுக்காக இவர் வருந்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஜெயித்தும் எனக்குச் சுகமில்லை. ஊரே என் கேள்வியை மெச்சியது, அந்தச் சிரிப்பு மட்டும் அவளுக்கே போனது.

ஐப்பசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல், பூசை முடிந்து பிரசாதம் வாங்குகிற இடத்தில் ஆச்சியை மடக்கினேன்.

"ஆச்சி, வாரா வாரம் நல்லா எழுதுறீங்க போல."

"எதை எழுதுறேன்?" என்றாள்.

"நீலக் கோட்டுத் தாள்ல."

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கு எழுத்தே தெரியாது அன்னபூரணி. எல்லாம் கைநாட்டுத்தான். காதால கேக்குறதோட சரி. அந்தத் தாளா? சபைக்குன்னு இவுக ஒரு கட்டு கிராணியார் ஆபீசுக்கே குடுத்தனுப்பினாகளே." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள், "எனக்குக் கட்டை எழுத்துக் கேள்விதான் பிடிக்கும். மத்தது, கிராணியாரே கேட்டு கிராணியாரே பதில் சொல்ற மாதிரி இருக்கும்."

எழுத்தறியாதவளுக்குக் காதில் பட்டது எழுத்தறிந்த எனக்கு உறைக்கவில்லை. ஆச்சி இல்லையென்றால் வேறு எவள் என்றுதான் என் புத்தி போயிற்று. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

மார்கழியில் நான் போட்ட ஒரு சீட்டு சபையில் வாசிக்கப்படவில்லை. மறுவாரமும் இல்லை. போட்டவளுக்குத் தெரியாதா? தாள் டின்னுக்குள் விழுந்த சத்தத்தைக் கேட்டவள் நான்.

அடுத்த திங்கட்கிழமை வண்ணானுக்குப் போடுவதற்காக இவர் வெள்ளைக் கோட்டை உதறினேன். உள்பையிலிருந்து இரண்டு தாள் விழுந்தன. ஒன்று என்னுடையது. 'உயிர் தானாக அறியாது, அறிவிப்பவர் இருந்தால்தான் அறியும் என்றீர்கள். அறிவிக்கிறவரும் ஓர் உயிர்தானே. உங்களுக்கு அறிவிப்பவர் யார்?' அதன் கீழே இவர் ஆபீஸ் எழுத்தில் 'விடை' என்று எழுதி, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

இன்னொன்று நீலக் கோட்டுத் தாள். மேலே இவருடைய ஆபீஸ் எழுத்தில் ஒரு கேள்வி. அடித்திருந்தது. அதற்குக் கீழே அதே கேள்வி வேறு மாதிரி. அதுவும் அடித்திருந்தது. நாலாவது தடவை சரியாக வந்ததும், அடியில், குண்டு குண்டாக, முத்துக் கோத்தது போல் நகல்.

கோட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. எட்டு மாதமாக நான் எவள் எவள் என்று தேடிய சக்களத்திக்கு மீசை இருந்திருக்கிறது. அப்புறம், காலி டின்னைப் பார்த்து வெட்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் கோயில் வாசலுக்குப் போய் தன் கேள்வியைத் தானே போட்டுவிட்டு வந்த மனிதரை நினைத்தேன். பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். அந்தச் சிரிப்பு முழுக்கத் தன் எழுத்தைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டது என்று உறைத்ததும் பாவமெல்லாம் பறந்துவிட்டது. இன்னொருத்தியிடம் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இந்த வீட்டில் அவர் சார்ந்திருந்தது தன்னை மட்டும்தான்.

எடுத்த இடத்திலேயே இரண்டையும் வைத்தேன்.

தை மாதம் சபையின் ஆண்டு விழா. கோயிலில் தோரணம் கட்டி, மண்டபம் நிறைய ஜனம். முந்தின வெள்ளிக்கிழமை நான் ஒரே ஒரு சீட்டு எழுதினேன். கட்டை எழுத்தில் இல்லை. சாமான் சீட்டு எழுதும் என் சொந்தக் கையில். அடியில் என் பேரும் போட்டேன். டின்னில் பேர் போட்டு விழுந்த முதல் சீட்டு அதுதான்.

விழாவில் செட்டியார் எழுந்து, கிராணியாரின் சொல் விளக்கத்தைச் சபை செலவிலேயே சிங்கப்பூரில் அச்சடிக்கப் போவதாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். இவர் கழுத்தில் மாலை.

"இன்னொரு சங்கதி" என்றார் செட்டியார். "டின்னுல வந்த கேள்விகளையும் அந்தப் புத்தகத்துல சேக்கணும்னு எல்லாரும் கேக்குறாக. கேட்டவுக பேரைப் போடுறதுதான் முறை. இன்னைக்கு மட்டும் மறைவு வேணாம். கட்டை எழுத்து யாரு, குண்டெழுத்து யாரு? எந்திரிங்க."

யாரும் எழவில்லை. வீரமுத்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது இவர் எழுந்தார்.

"தலைவர் மன்னிக்கணும். சபையோர் யோசிக்கணும்னு அந்தக் கேள்வியெல்லாம் நானே எழுதிப் போட்டதுதான்."

"ரெண்டு எழுத்துமா?"

இவர் ஒரு கணம் மாலையைச் சரி செய்தார். "ரெண்டும்தான்."

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். நாகம்மை ஆச்சி மட்டும் தட்டவில்லை. என் சிரிப்பைத்தான் எடுத்துக்கொண்டார் என்று பார்த்தால், என் கேள்வியையும் எடுத்துக்கொண்டார்.

"சரி, விழா நாளாச்சே, இன்னைக்கு டின்னை இங்கேயே திறப்போம். கிராணியார் உடனே பதில் சொல்லட்டும்" என்று செட்டியார் பூட்டைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு சீட்டு. எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

இவர் பிரித்தார். எழுத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது, கடைசி வரி வரை போனது, நின்றது. படித்திருந்தால், சத்தமாக ஒரு தடவை படித்திருந்தால் போதும், மற்றதையெல்லாம் நான் விட்டிருப்பேன்.

மடித்தார். "வெறும் தாளுங்க. யாரோ விளையாட்டுக்குப் போட்டிருக்காங்க" என்றார்.

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பெண்கள் பக்கத்திலிருந்து அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் பேசியதில்லை.

"வெறும் தாளு இல்லைங்க. நான் எழுதினது. மனப்பாடமாச் சொல்றேன்."

சொன்னேன். 'உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணம் ஆகும், அதற்குச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று பேர் என்று சொன்னீர்கள். பதினோரு வருஷமாக ஒருவரையே சார்ந்திருக்கிறேன். அவர் படித்ததெல்லாம் என்மேல் படிந்துவிட்டது. என் வண்ணம் ஒரு சொட்டாவது அவர்மேல் படிந்ததா? இப்படிக்கு, சதாசிவம் மனைவி அன்னபூரணி.'

செட்டியார் இவர் பக்கம் திரும்பினார். "கிராணியாரே, இதுக்கு விடை?"

இவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியலை" என்றார். பிறகு, "கட்டை எழுத்தும் என்னுது இல்லைங்க. யாருதுன்னு இப்பத்தான் தெரியுது."

அப்போது என்னைப் பார்த்தார். எட்டு மாதமாக நான் தவம் கிடந்த அந்தச் சிரிப்பு இல்லை. வயிறு எரிகிற முகம். அந்த முகம் எனக்கு அத்துப்படி, எட்டு மாதம் நான் சுமந்த முகம் ஆயிற்றே. தன் மனைவியைப் பார்த்து ஒரு புருஷனுக்குப் பொறாமை! எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொன்னால் என்ன, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் சாயங்காலம் வழக்கம்போல் நோட்டோடு உட்கார்ந்தார். பேனா ஓடவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன்.

"அன்னம்."

"ரசம் அடுப்புல இருக்கு."

"கொதிச்சாக் கொதிக்கட்டும்." பேனாவைக் கீழே வைத்தார். "அந்த மாட்டுக் கேள்வியைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. பொறாமைதான். எவனோ ஒருத்தன் என்னைவிட..." என்று நிறுத்தினார்.

"எனக்கும் இறங்கலைதான். எவளோ ஒருத்தின்னு நெனைச்சு."

நிமிர்ந்து பார்த்தார். நான் கோட்டுப் பையைக் காட்டினேன். அவர் முகம் காது வரை சிவந்தது. நோட்டில் பாசம் என்று எழுதிய பக்கத்தைத் திருப்பிக் கேட்டார்.

"பாசத்துக்கு நீ என்ன எழுதுவே?"

பதினோரு வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சீட்டுல எழுதி டின்னுல போடுங்க. ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை செட்டியார் டின்னைத் திறந்தார். நீலக் கோட்டுத் தாள் ஒன்று இருந்தது. குண்டெழுத்து இல்லை. ஆபீஸ் எழுத்து, அடியில் முழுப் பேர். செட்டியார் அதை வாசித்துவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பி, "அம்மா, இது உங்களுக்கு" என்றார்.

எழுந்தேன். பேசும் முன் அவரைத் தேடினேன். மேடையில் இல்லை. ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில், வீரமுத்துவுக்குப் பக்கத்தில், மடியில் நோட்டை விரித்துப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.